ஆற்றை மூடிவிட்டு கார் ரோடா? டிஸ்னி பூங்காவில் புகைச்சல்!

புதிய பகுதி பொருந்துமா, பொருந்தாதா?
ரசிகர்கள் இரண்டு கட்சி

அமெரிக்காவில் பிளோரிடா மாநிலத்தில் உள்ள புகழ்பெற்ற டிஸ்னி பூங்காவில், 54 ஆண்டுகளாக இருந்துவந்த ஆறு மூடப்பட்டுவிட்டது.

2025-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதியோடு ஆற்றில் படகு நின்றது. நடுவில் இருந்த தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போன தெப்பமும் நின்றது. மறுநாள் முதல் அந்தப் பக்கம் யாருக்கும் அனுமதி இல்லை.

ஆறு இருந்த இடத்தில் என்ன வரப்போகிறது தெரியுமா? கார் ஓட்டம்!

"காடும் ஆறுமாக இருந்த இடத்தில் காருக்கு என்ன வேலை?" என்று ஒரு கட்சி. "காலம் மாறிப்போச்சு, பூங்காவும் மாறத்தானே வேணும்?" என்று இன்னொரு கட்சி. ஓராண்டாகச் சூடு பறந்த இந்தச் சண்டை, படகு நின்ற பிறகும் ஓயவில்லை.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

வெட்டிய ஆறு

ஆறு என்றால் மலையில் பிறந்து கடலில் கலக்கும் ஆறு அல்ல. பூங்காவுக்காக மனிதன் வெட்டிய ஆறு. ஒரு தீவைச் சுற்றி வளையமாக இருக்கும். அதன் பெயர் 'அமெரிக்க நதிகள்'.

ஆர்லாண்டோ நகரம் அருகே உள்ள இந்தப் பூங்காவுக்கு 'மேஜிக் கிங்டம்', அதாவது மாய ராஜ்யம் என்று பெயர். 1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி திறந்தார்கள். நடுவில் ஒரு கோட்டை. கோட்டையைச் சுற்றி வெவ்வேறு பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கரு உண்டு. அதைத்தான் 'தீம்' என்கிறார்கள். ஒரு பக்கம் தேவதைக் கதை. ஒரு பக்கம் வருங்கால உலகம். இன்னொரு பக்கம் பழைய அமெரிக்கா.

அந்தப் பழைய அமெரிக்காவின் பெயர் 'பிராண்டியர்லேண்ட்'. வெள்ளைக்காரர்கள் மேற்கு நோக்கிக் குடியேறிய காலத்து எல்லைப்புற நாடு என்று அர்த்தம். மரக்கட்டை வீடு, சுரங்க ரெயில், ஆறு, நீராவிப் படகு எல்லாம் அங்கே உண்டு.

நீராவிப் படகு சுமார் அரை மைல் தூரம் சுற்றிவரும். 17 நிமிடம் ஆகும். நூற்றுக்கணக்கான பேர் ஏறலாம். தண்ணீருக்கு அடியில் தண்டவாளம் போட்டிருந்ததால், வழி தவறவே தவறாது.

நடுத் தீவுக்கு 'டாம் சாயர் தீவு' என்று பெயர். எழுத்தாளர் மார்க் டுவைன் 1876-ம் ஆண்டு வெளியிட்ட கதையில் வரும் சிறுவன்தான் டாம் சாயர். 1973-ம் ஆண்டு தீவைத் திறந்தார்கள். குகைக்குள் பிள்ளைகள் புகுந்து ஓடுவார்கள். ஆடும் பாலத்தில் குதிப்பார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து காற்று வாங்குவார்கள்.

இந்த இரண்டும்தான் போய்விட்டன.

கார் எங்கிருந்து வந்தது?

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கலிபோர்னியாவில் டிஸ்னி ரசிகர் மாநாடு நடந்தது. கம்பெனியின் பூங்காப் பிரிவுக்கு அப்போது தலைவராக இருந்த ஜோஷ் டமாரோ மேடையில் நின்று அறிவிப்புகளை வெளியிட்டார்.

மேஜிக் கிங்டம் பூங்காவில் இரண்டு புதிய இடங்கள் வரும் என்றார். ஒன்று, வில்லன்களுக்கென்றே ஒரு தனிப் பகுதி. டிஸ்னி படங்களில் வரும் சூனியக்காரிகள், கெட்ட ராணிகள் எல்லாம் அங்கே குடியேறுவார்கள். மற்றொன்று, 'கார்ஸ்' என்ற கார்ட்டூன் படத்தை வைத்து பிராண்டியர்லேண்டுக்குள்ளேயே ஒரு கார் உலகம்.

'கார்ஸ்' படம் 2006-ம் ஆண்டு வந்தது. அதில் கார்கள்தான் மனிதர்கள். கார் பேசும், கார் சிரிக்கும், கார் கோபப்படும். குழந்தைகள் கூட்டம் கூட்டமாகப் பார்த்த படம்.

மேஜிக் கிங்டம் வரலாற்றிலேயே இதுதான் மிகப் பெரிய விரிவாக்கம் என்று கம்பெனி சொன்னது. கைதட்டல் பறந்தது.

ஆனால் கார் உலகம் ஆற்றை மூடித்தான் வருகிறது என்பது தெரிந்ததும், தட்டிய கைகளில் பாதி நெற்றியில் போனது!

எதிர்ப்பாளர்கள் வாதம்

எதிர்க்கும் ரசிகர்கள் சொல்லும் நியாயம் இதுதான்.

மேஜிக் கிங்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் 'லிபர்ட்டி ஸ்கொயர்'. அது பிரிட்டிஷ் ஆட்சியை அமெரிக்கா உதறிய 1700-களின் காலம். அங்கிருந்து ஆற்றங்கரையோரம் நடக்க நடக்க ஆண்டுகள் முன்னே போகும், ஊரும் மேற்கே போகும். கடைசியில் சுரங்கத் தங்கம் தோண்டிய மலைநாட்டுக்கு வந்து சேரலாம். சரித்திரப் பாடத்தைக் காலால் நடந்து படிப்பது மாதிரி!

அந்த நடையை ஒன்றாகக் கட்டிய கயிறு எது? ஆறு. கயிற்றை அறுத்துவிட்டால் மணிகள் தனித்தனியாகச் சிதறத்தானே செய்யும்?

அதோடு போகவில்லை. கரையோரத்தில் 1971 முதல் ஒரு பேய் பங்களா இருக்கிறது. தண்ணீரைப் பார்த்தபடி தனியாக நிற்பதுதான் அதற்கு அழகு. எதிரே கார் சத்தம் கேட்டால் பேய்க்கு என்ன மரியாதை என்று கேட்கிறார்கள்.

ஆதரவாளர்கள் வாதம்

கம்பெனி சும்மா இருக்கவில்லை. பதில் சொல்லியிருக்கிறது.

வருவது நகரத்து ரோடு அல்ல. மலைநாட்டுத் தேசியப் பூங்கா. அதன் பெயர் 'பிஸ்டன் பீக்'. பாறை, பைன் மரம், அருவி, பீறிட்டு அடிக்கும் வெந்நீர் ஊற்று எல்லாம் இருக்கும். கட்டடங்கள்கூட அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் உள்ள பழைய மரக் கட்டடங்களைப் போலவே வரும். காட்டுப் பாதையில் கார்கள் பந்தயம் போகும். சின்னக் குழந்தைகளுக்குத் தனியாக ஒரு விளையாட்டும் உண்டு.

'எல்லைப்புறம் என்றால் குதிரை வண்டிதானா? மனிதன் காட்டுக்குள் சாகசம் தேடிப் போவதெல்லாம் எல்லைப்புறம்தான்' என்பது கம்பெனி தரப்பின் விளக்கம்.

பக்கத்துப் பகுதிகளுக்குத் தெரியாதபடி மரமும் பாறையும் வைத்து மறைப்போம் என்றும் சொல்கிறார்கள்.

சாதாரண ஆதரவாளர்கள் இன்னும் நேராகவே பேசுகிறார்கள். எத்தனை பேர் அந்தப் படகில் ஏறினார்கள்? மூடப்போகிறார்கள் என்ற சேதி வந்த பிறகுதானே கடைசி நாளில் அப்படிக் கூட்டம் வந்தது? இத்தனை வருஷம் எங்கே போனீங்க என்று கேட்கிறார்கள்.

கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை.

இடம்தான் கொட்டிக் கிடக்கே?

இங்கேதான் சாமானிய ஆளுக்கு ஒரு சந்தேகம் வரும்.

பிளோரிடாவில் டிஸ்னி கம்பெனி 1960-களில் வாங்கிப்போட்ட நிலம் சுமார் 27 ஆயிரம் ஏக்கர். அதில் மேஜிக் கிங்டம் பூங்கா சுமார் 107 ஏக்கர்தான். இத்தனை நிலம் இருக்கும்போது ஆற்றின் மேல் ஏன் கை வைக்க வேண்டும்?

காரணம், நிலம் வேறு, வழி வேறு!

பிராண்டியர்லேண்டின் கடைசியில் சுரங்க ரெயில் மலை இருக்கிறது. அதற்கு அப்பால் வழி கிடையாது, முட்டுச் சந்து. போன கூட்டம் அதே வழியில்தான் திரும்ப வேண்டும். வில்லன்களின் பகுதியோ அந்த மலைக்கும் பின்னால் வரப்போகிறது. நடுவில் ஆறும் தீவும் குறுக்கே கிடந்தன. ஆற்றை எடுத்துவிட்டால் முட்டுச் சந்து திறக்கும். ஜனங்கள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரலாம்.

இந்தப் பூங்காவுக்கு 2023-ம் ஆண்டில் மட்டும் 1 கோடியே 77 லட்சம் பேர் வந்ததாகப் பூங்காத் தொழில் துறையினரின் மதிப்பீடு சொல்கிறது. அத்தனை பேர் கால் வைக்கும் இடத்தில் ஒரு சந்து திறப்பது சின்னக் காரியம் அல்ல.

அவதார் வந்தபோதும் இதே கூச்சல்

பொருந்துமா, பொருந்தாதா என்ற சண்டை டிஸ்னிக்குப் புதிது அல்ல.

பிளோரிடாவிலேயே 'அனிமல் கிங்டம்' என்ற மற்றொரு டிஸ்னி பூங்கா இருக்கிறது. 1998-ம் ஆண்டு திறந்தது. விலங்குகளுக்கென்றே உள்ள பூங்கா. நிஜ யானை, நிஜ ஒட்டகச்சிவிங்கி உலாவும்.

2011-ம் ஆண்டு அங்கே 'அவதார்' படத்தை வைத்து ஒரு பகுதி வரும் என்று அறிவித்தார்கள். உடனே கூச்சல் எழுந்தது. 'நீலத் தோல் கிரகவாசிக்கும் நம்ம யானைக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

2017-ம் ஆண்டு மே 27-ந் தேதி திறந்தது. 12 ஏக்கர். காற்றில் மிதப்பது போன்ற மலைகள், கொடிகள், அருவிகள், இரவில் ஒளிரும் செடிகள். போனவர்கள் வாயைப் பிளந்தார்கள். மணிக்கணக்கில் வரிசை நின்றது. முந்தின ஆண்டு 1 கோடியே 8 லட்சமாக இருந்த கூட்டம் அந்த ஆண்டு 1 கோடியே 25 லட்சமாக எகிறியது.

கூச்சல் போட்டவர்களில் பலர் வாயை மூடிக்கொண்டார்கள். ஏன்?

படத்துக்கும் பூங்காவுக்கும் உள்ள உறவைக் கம்பெனி கண்டுபிடித்திருந்தது. இயற்கையை அழிக்காதே என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான பேச்சு. யுத்தக் காட்சிகளை ஓரம் கட்டிவிட்டு, காட்டை முன்னால் வைத்தார்கள். விளையாட்டில் ஏறாதவர்கூடச் செடி கொடியைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா நடக்கலாம்.

எடுக்கப்பட்டது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். சின்னக் குழந்தைகள் மிக்கி எலியைச் சந்திக்கும் ஒரு பழைய முகாம் இருந்தது. அங்கே நடந்துவந்த சிங்கராஜா கலைநிகழ்ச்சியை மூடவில்லை. 2014-ம் ஆண்டு அதே பூங்காவின் ஆப்பிரிக்கப் பகுதிக்கு மாற்றி வைத்தார்கள். புதுசு வந்தது, பழசின் உயிரும் போகவில்லை.

ஒரே பகுதி, இரண்டு பேச்சு

அடுத்தது 'ஸ்டார் வார்ஸ்'. இது இன்னும் சுவாரசியம்.

2019-ம் ஆண்டு இந்தப் படத்தை வைத்து 14 ஏக்கரில் ஒரு பகுதியைக் கலிபோர்னியாவில் மே 31-ந் தேதி திறந்தார்கள். ஏறக்குறைய அதே அச்சாக மற்றொன்றை பிளோரிடாவில் ஆகஸ்டு 29-ந் தேதி திறந்தார்கள்.

பிளோரிடாவில் அது வந்த இடம் சினிமா ஸ்டுடியோ மாதிரி அமைந்த பூங்கா. சினிமா பூங்காவில் சினிமா வருகிறது, இதில் என்ன சண்டை? யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

கலிபோர்னியாவில் அது வந்த இடமோ, 1955-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி வால்ட் டிஸ்னியே முன்னின்று திறந்த முதல் டிஸ்னிலேண்ட். அங்கே கூச்சல் பலமாக இருந்தது. மார்க் டுவைன் படகும் பக்கத்தில், விண்கலமும் பக்கத்தில் என்றால் எப்படி?

பகுதி ஒன்றுதான். அக்கம்பக்கம்தான் வேறு. ஆக, பொருத்தம் என்பது வரும் ஆளிடம் மட்டும் இல்லை. அவன் குடிவரும் தெருவிலும் இருக்கிறது!

கலிபோர்னியாவில் என்ன செய்தார்கள்? அங்கேயும் ஒரு ஆறு உண்டு. அதைக் கொஞ்சம் சுருக்கினார்கள், மூடவில்லை. 2016 ஜனவரியில் படகை நிறுத்தி வேலையைத் தொடங்கினார்கள். 2017 கோடையில் படகு திரும்ப ஓடியது. வெட்டின இடம் தெரியாதபடி பாறைச் சுவர் எழுப்பி அருவிகளை விட்டார்கள். பூங்காவைச் சுற்றும் ரெயில் பாதையை வளைத்தார்கள். அந்த ரெயில் தன் ஆயுளில் முதல் தடவையாக இடதுபக்கம் திரும்பியது அப்போதுதான்.

விண்வெளிப் பகுதிக்குச் சுரங்கம் போன்ற வாசல்களும் வைத்தார்கள். ஒரு உலகத்தின் சத்தம் அடங்கி இன்னொரு உலகத்தின் சத்தம் மெல்ல எழும்.

பிளோரிடா ரசிகர்கள் கேட்பது இதைத்தான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தீம் சரி, கூட்டம் இல்லை!

அப்படியானால் தீமை விடாமல் பிடித்துக்கொண்டால் போதுமா? போதாது. அதற்கும் சாட்சி இருக்கிறது.

2001-ம் ஆண்டு பிப்ரவரியில், கலிபோர்னியா டிஸ்னிலேண்டுக்கு எதிர்வாசலில் ஒரு புதிய பூங்கா திறந்தார்கள். அதன் தீம் கலிபோர்னியா மாநிலம்! கலிபோர்னியாவின் கடற்கரை, கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டம், கலிபோர்னியாவின் சினிமாத் தெரு. தீம் கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

ஆனால் ஜனங்கள் வரவில்லை. வாசலுக்கு வெளியே நிஜக் கலிபோர்னியா இலவசமாகக் கிடக்கும்போது, காசு கொடுத்துப் பொம்மைக் கலிபோர்னியாவை யார் பார்ப்பார்கள்?

2007-ம் ஆண்டு 110 கோடி டாலர் செலவில் பூங்காவைத் திருத்துவதாக அறிவித்தார்கள். 2012-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி அங்கே ஒரு புதிய பகுதி திறந்தது. கூட்டம் அலைமோதியது.

அது என்ன பகுதி தெரியுமா? இதே 'கார்ஸ்' படம்தான்!

பிளோரிடாவில் வில்லனாகப் பேசப்படும் கார், கலிபோர்னியாவில் கதாநாயகன் ஆனது. காரணம் எளிது. அங்கே அந்த 12 ஏக்கர் பகுதி பெரும்பாலும் கார் நிறுத்தும் இடத்தின் மேல் வந்தது. பாலைவனத்து ஊரையும் சிவந்த மலையையும் கட்டினார்கள். பூங்காவுக்கு ஒரு புதிய காட்சி கிடைத்தது. எதையும் இழக்கவில்லை. கார் நிறுத்தும் இடத்துக்காக யார் கண்ணீர் விடுவார்கள்?

நார்வேயில் கற்பனை ராணி

இன்னொரு சாட்சி, பிளோரிடாவில் உள்ள எப்காட் பூங்கா. அங்கே ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் கூடங்கள் இருக்கின்றன. நிஜ நாடுகள். அந்தந்த நாட்டுச் சாப்பாடு, அந்தந்த நாட்டுக் கட்டடம்.

நார்வே நாட்டுக் கூடத்தில், அந்த நாட்டுக் கடலோடிகளையும் பூதங்களையும் காட்டும் படகுச் சவாரி இருந்தது. 2014-ம் ஆண்டு அதை மூடினார்கள். 2016-ம் ஆண்டு அதே இடத்தில் 'பிரோசன்' படத்தின் படகுச் சவாரி வந்தது. அந்தப் படத்தில் வரும் ராஜ்யம் நார்வேயைப் பார்த்து வரைந்ததுதான். ஆனாலும் உலகப் படத்தில் இல்லாத ராஜ்யம்!

நிஜ நாடுகளுக்கு நடுவே கற்பனை நாடா என்று ரசிகர்கள் கேட்டார்கள். திறந்த நாள் முதல் நீள வரிசை. கம்பெனி அந்த வரிசையைக் காட்டியது.

வரிசை நீளம் என்பது படம் பிடித்திருக்கிறது என்பதற்குத்தான் அத்தாட்சி. இடம் பொருந்தியது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. மளிகைக் கடையில் சினிமா டிக்கெட் விற்றாலும் வரிசை நிற்கும். அதனால் அது நல்ல மளிகைக் கடை ஆகிவிடுமா?

டிஸ்னியே மாற்றினாரே!

'வால்ட் டிஸ்னி இருந்திருந்தால் ஆற்றைத் தொட விட்டிருப்பாரா?' என்று சிலர் உருகுகிறார்கள்.

அவர் 1966-ம் ஆண்டு டிசம்பரில் காலமானார். பிளோரிடா பூங்கா திறந்ததையே அவர் பார்க்கவில்லை. உயிரோடு இருந்தவரை, பூங்கா என்றைக்கும் முடிந்துபோகாது, வளர்ந்துகொண்டே இருக்கும் என்றுதான் அவர் சொல்லிவந்தார்.

1959-ம் ஆண்டு டிஸ்னிலேண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு மலை ஒன்றை அவர் எழுப்பினார். அது முதலில் வருங்கால உலகத்துக் கணக்கில் இருந்தது. பிறகு தேவதைக் கதைப் பகுதிக் கணக்குக்கு மாறியது. மலை நகரவில்லை, விலாசம்தான் மாறியது!

அவர் அமைத்த வருங்கால உலகம் 1986-ம் ஆண்டை மனதில் வைத்துக் கட்டியது. அந்த 1986-ம் வந்தது, போயும் போச்சு. பழையதை அப்படியே வைத்திருந்தால் வருங்காலம் இறந்த காலம் ஆகியிருக்கும்.

ஆக, மாற்றவே கூடாது என்பது வாதம் ஆகாது. எதை எடுத்து எதை வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஆறு என்ன வேலை செய்தது?

இங்கேதான் இரு கட்சியும் ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறது.

கார் எல்லைப்புறத்துக்குப் பொருந்துமா என்றே பேசிக்கொண்டிருக்கிறார்கள். போன ஆறு என்ன வேலை செய்தது என்ற கணக்கை யாரும் முழுசாகப் போடவில்லை.

ஆறு கதை மட்டும் சொல்லவில்லை. காற்று கொடுத்தது. கண்ணுக்கு எட்டின தூரம் வெட்டவெளி கொடுத்தது. பிளோரிடா வெயிலில் நாள் முழுக்க நடந்த கிழவிக்கு, வரிசை நிற்காமல் 17 நிமிடம் உட்கார இடம் கொடுத்தது. பயந்த குழந்தைக்கும், தூக்கிச் சுமந்த தகப்பனுக்கும் இளைப்பாறத் தீவு கொடுத்தது. உயரம் போதாது என்று எந்தப் பிள்ளையையும் அது திருப்பி அனுப்பவில்லை.

'தீம் பார்க்' என்ற பெயரில் 'தீம்' மட்டும் இல்லை. 'பார்க்'கும் இருக்கிறது. தீமுக்காக எல்லோரும் சண்டை போடுகிறார்கள். பார்க்குக்காகப் பேச ஆள் இல்லை!

போட்டிக் கம்பெனி செய்ததைப் பாருங்கள். ஆர்லாண்டோவிலேயே யுனிவர்சல் கம்பெனி, 2025-ம் ஆண்டு மே 22-ந் தேதி 'எபிக் யுனிவர்ஸ்' என்ற புதிய பூங்காவைத் திறந்தது. மந்திரவாதிப் பையன் ஹாரி பாட்டர், வீடியோ கேம் மரியோ, டிராகன், பழைய பேய்ப் படங்கள் என்று நான்கு உலகங்கள். ஒன்றுக்கொன்று எந்த உறவும் கிடையாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி வாசல் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே போனால் அடுத்த உலகம் நினைவுக்கே வராது.

அந்த நான்கு உலகத்துக்கும் நடுவில் எதை வைத்தார்கள்? தோட்டமும் தண்ணீரும்!

புதிய பூங்கா நடுவில் தண்ணீர் வைக்கிறது. பழைய பூங்கா இருந்த தண்ணீரை எடுக்கிறது. இரண்டும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஆறே வார இடைவெளியில் நடந்தது.

காசுக் கணக்கு

கம்பெனி ஏன் இப்படிச் செய்கிறது? கணக்குப் பிள்ளையின் கண்ணால் பார்த்தால் புரியும்.

2023-ம் ஆண்டில் டிஸ்னி ஒரு பெரிய அறிவிப்பு செய்தது. பூங்காக்களுக்கும் உல்லாசக் கப்பல்களுக்கும் 10 ஆண்டில் 6 ஆயிரம் கோடி டாலர் செலவிடுவோம் என்றது. போடும் பணம் திரும்ப வேண்டும்.

முன்னே வரிசையைத் தாண்டிப்போக இலவசச் சீட்டு கொடுத்தார்கள். 1999-ம் ஆண்டு வந்த அந்த ஏற்பாடு 2021-ல் போய்விட்டது. இப்போது வரிசையைத் தாண்டத் தனிக் காசு. புதிய, பெரிய விளையாட்டுகளுக்குச் சில நேரம் தனித்தனியாகவே விலை.

1971-ல் பெரியவர்களுக்கு உள்ளே நுழைய மூன்றரை டாலர்தான். உள்ளே விளையாட்டுக்கு வேறு சீட்டு வாங்க வேண்டும். இப்போது கூட்டமான விடுமுறை நாட்களில் ஒரு ஆளுக்கு 190 டாலருக்கும் மேல்! நான்கு பேர் குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம்.

படகுக்கு வரிசை இல்லை. வரிசை இல்லாத இடத்தில் வரிசை தாண்டும் சீட்டு எப்படி விற்கும்? தீவில் ஓடும் பையனிடம் என்ன வசூலிக்க முடியும்? அதனால் ஆறு கணக்குப் புத்தகத்தில் செலவுப் பக்கத்தில் மட்டுமே தெரிந்தது.

ஆனால் கடை நடத்துகிறவர்களுக்கு ஒன்று தெரியும். ஜவுளிக்கடையில் போட்டிருக்கும் நாற்காலி எதையும் விற்பதில்லை. அந்த நாற்காலியில் பாட்டி உட்கார்ந்திருப்பதால்தான் வீட்டார் நிதானமாக இன்னும் நாலு புடவை பார்க்கிறார்கள். நாற்காலியை எடுத்துவிட்டு அங்கேயும் அலமாரி வைத்தால், அலமாரி ஒன்று கூடும். கடைக்குள் நிற்கும் நேரம் குறையும்.

தீர்ப்பு எப்போது?

போன ஆறு திரும்பாது. இனி பேச வேண்டியது வரப்போகும் இடத்தைப் பற்றித்தான்.

புதிய பகுதி திறக்கும் நாளில், முதல் வரிசை எத்தனை மணி நேரம் என்று சேதி வரும். அதை வைத்து ஒரு கட்சி கொண்டாடும். 'குதிரை எங்கே, கார் எங்கே' என்று மறு கட்சி கேலி பேசும். இரண்டுமே தீர்ப்பு ஆகாது.

பார்க்க வேண்டியது மூன்று.

முதலாவது, பேய் பங்களா வாசலில் நின்றால் கார் தெரிகிறதா, கார் சத்தம் கேட்கிறதா? கம்பெனி சொன்ன மரமும் பாறையும் உண்மையாகவே மறைக்கிறதா?

இரண்டாவது, முட்டுச் சந்து திறந்ததா? ஜனங்கள் நெருக்கடி இல்லாமல் சுற்றி வருகிறார்களா? வந்தால், கம்பெனியின் வாதத்தில் ஒரு பாதி நியாயம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். எந்த விளையாட்டிலும் ஏறாத ஆளுக்கு அங்கே இடம் உண்டா? அருவி வரும் என்கிறார்கள். அந்த அருவிக்கு எதிரே நிழலில் பெஞ்சு உண்டா? குழந்தை சும்மா ஓட ஒரு மண் பாதை உண்டா? இருந்தால், கார் வந்தாலும் பார்க் தப்பித்தது.

இல்லாவிட்டால், தீம் எவ்வளவு பொருந்தினாலும் ஒன்றுமில்லை. 190 டாலர் கொடுத்து உள்ளே போனவர், கால் வலித்தால் நடைபாதை ஓரத்தில்தான் உட்கார வேண்டும்!